சல்லடை வைத்த ஹெட்போன்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
13.3.1988

அன்புத் தம்பி கஜபதிக்கு,

அக்கா பார்வதம் எழுதுவது. நானும் உன் மாமாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் ஏறிவிட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

கரையான்சாவடி வரதன் போன ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்து, நீ கொடுத்தனுப்பிய ஹெட்போனைக் கொடுத்துவிட்டுப் போனார். டீ போடுவதற்குள் கிளம்பிவிட்டார். எனக்கு ஒன்றும் அனுப்பவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த வீட்டில் சண்டை ஓய்ந்தால் அதுவே எனக்குப் பெரிய சாமான்.

எங்கள் வரிசையில் ஆறு வீடு என்பது உனக்குத் தெரியும். எங்களுக்கும் அங்கம்மாவுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மாமா இரும்படிக்கிற ஃபோர்ஜிங் கம்பெனியில் ஷிஃப்டு முடிந்து வந்ததும் நாதஸ்வர கேசட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை திருகிவிடுவார். அங்கம்மா வாசலில் வந்து நின்று, "இன்னா பார்வதம், தெனிக்கும் உங்க ஊட்ல கல்யாணமா? பந்தி எப்ப போடுவீங்க?" என்று கேட்பாள். வீட்டுச் சொந்தக்காரரும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் மாமா உன்னிடம் ஹெட்போன் கேட்டது.

ஒரு சந்தேகம். இதன் பின்பக்கம் மூடி இல்லாமல் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் பாட்டு மெல்லிசாகக் கேட்கிறது. அரைகுறையாகச் செய்ததை உன் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில் போடு.
உன் அக்கா,
பார்வதம்

*

ரூவி, மஸ்கட்
2.4.1988

அன்புள்ள அக்காவுக்கு,

கஜபதியின் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே ஏப்ரலிலேயே ரோடு கொதிக்கிறது. மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. நான் வேலை செய்வதே ஹெட்போன், ஸ்பீக்கர் விற்கிற கடையில். பார்த்துத்தான் எடுத்தேன். ஹெட்போனில் இரண்டு வகை உண்டு. மூடிய வகை காதின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பாட்டு மண்டைக்குள்ளேயே நின்றுவிடும், காது வேர்த்துக் கொட்டும். நான் அனுப்பியது திறந்த வகை. சல்லடை வழியாகக் காற்று போய் வரும். நாதஸ்வரம் எதிரே பந்தலில் வாசிக்கிற மாதிரி தள்ளி நின்று கேட்கும். மாட்டியிருப்பதே தெரியாது.

ஆனால் இதை எடுத்ததற்கு முக்கியமான காரணம் நீதான். மூடிய வகையை மாமா மாட்டிக்கொண்டால் நீ சமையலறையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. இதை மாட்டிக்கொண்டால் கரண்டி கீழே விழுந்தால்கூடக் கேட்கும். கொஞ்சம் சத்தம் வெளியே கசியும், அவ்வளவுதான். டேப்பில் சத்தத் திருகு நாலைத் தாண்டக்கூடாது என்று மாமாவிடம் சொல்.

அன்புடன்,
கஜபதி

*

கள்ளிக்குப்பம்
8.5.1988

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

கரண்டி விழுந்தால் கேட்கும் என்றாயே, அண்டா விழுந்தாலும் அவர் திரும்புவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தட்டை எடுத்துக்கொண்டு நான் எதிரே போய் நிற்க வேண்டும். "எத்தினி வாட்டி கூப்டறது?" என்றால், "பாட்டு கேட்டுகினு இருந்தேன், தெர்ல" என்கிறார். தினம் இதே பதில்.

நாலைத் தாண்டக்கூடாதா? அவர் வைப்பது பத்து. குழாயடியில் அங்கம்மா எல்லோர் முன்னாலும் சிரிக்கிறாள்: "உங்க ஊட்டுக்காரர் காதுல மாட்டிகினு கேக்கறாரு, நாங்க செவுத்துல காது வெக்காமயே கேக்கறோம்." எனக்கு மானம் போகிறது. நானும் விடவில்லை. "ஃபாரின் ஹெட்போன் வந்ததிலேர்ந்து அந்தாளுக்குப் பொண்டாட்டி கண்ணுக்கே தெர்ல" என்று குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அதைக் கழற்றி வைத்திருக்கும்போதாவது ஒழுங்காகப் பேசுகிறாரா? நான் ஏதாவது சொன்னால் "ஆங்" என்று சிரிக்கிறார். வீட்டுக்காரர் வாடகை ஏற்றப்போகிறார் என்று சொன்னதற்கும் "ஆங்" என்று சிரித்தார். நான் சொல்வதெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடவா?

நீ அனுப்பியது பொய் சொல்கிறது. இல்லாவிட்டால் அவர் சொல்கிறார். எது என்று எழுது.

பார்வதம்

*

ரூவி
29.5.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ கோபத்தில் சாப்பிடாமல் கிடப்பாய், அதைச் செய்யாதே.

அதே ஹெட்போன் கடையில் இன்னும் இரண்டு இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே ஒன்றை மாட்டிப் பார்த்தேன். பாட்டு ஓடும்போதே டெலிபோன் மணி கேட்டது, முதலாளி கூப்பிட்டது கேட்டது, தெருவில் போன லாரியும் கேட்டது. பத்தில் வைத்துப் பார்த்தேன். அரை நிமிஷம் தாங்கவில்லை, காதுக்குள் ஆணி அடிப்பது போல இருந்தது. அப்படி ஒரு மனிதன் மணிக்கணக்கில் கேட்க முடியாது.

சொல்ல வருத்தமாக இருக்கிறது. மாமா உன் குரல் கேட்கக்கூடாது என்றுதான் பத்தில் வைக்கிறார். பதில் சொல்ல மனமில்லாதவர் மாட்டிக்கொள்ள ஒரு சாமானை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குள் என்ன நடந்தது? அவரை உட்காரவைத்து நேராகக் கேள். பயப்படாதே.

கஜபதி

*

கள்ளிக்குப்பம்
3.7.1988

தம்பி,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். எனக்கு உயிருக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 19, ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி. பம்ப் ஸ்டவ் குப்பென்று பிடித்துக்கொண்டது. முந்தானையில் நெருப்பு ஏறியது. அவர் அறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், காதில் நீ அனுப்பியது. நாலடி தூரம். கத்தினேன் கஜா. என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அங்கம்மா ஈரச் சாக்கோடு ஓடிவந்தாள். அவள் தாண்டும்போது சாக்கு அவர் தோளில் பட்டது. அப்போதுதான் திரும்பினார்.

வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

அக்கா

*

ரூவி
18.7.1988

திரு. செங்கல்வராயன் அவர்களுக்கு,

மாமா என்று எழுதக் கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப்போவதில்லை.

அந்த ஹெட்போனைப் பற்றி உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அது திறந்த வகை. அதை மாட்டிக்கொண்டு நாலடி தூரத்தில் ஒரு பெண் அலறுவது கேட்கவில்லை என்று நீங்கள் ஊரை ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற முடியாது. கேட்டிருக்கிறது. திரும்பவில்லை. பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தீர்கள்.

எங்கள் அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்தது நீங்கள்தான், மறக்கவில்லை. அந்த நன்றிக்காக இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நன்றி ஜூன் 19-ஆம் தேதி என் அக்காவின் புடவையோடு எரிந்துபோய்விட்டது. நீங்கள் மனிதனே இல்லை. வேலை ஒப்பந்தம் முடிந்து வந்ததும் அவளை என்னோடு அழைத்துப் போகப்போகிறேன். அதன் பிறகு உங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். நிம்மதியாக நாதஸ்வரம் கேளுங்கள்.

கஜபதி

*

அம்பத்தூர்
21.8.1988

அன்புள்ள மச்சான் கஜபதிக்கு,

செங்கல்வராயன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது எல்லாம் சரி. உன் அக்காவுக்குக் கை ஆறி வருகிறது. விரல்களை மடக்குகிறாள். சமையல் நான் செய்கிறேன்.

மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

செங்கல்வராயன்

*

ரூவி
2.10.1988

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கை எப்படி இருக்கிறது? இன்னும் வலிக்கிறதா? மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் அவ்வளவு திட்டி எழுதியதற்கு, நீ எழுதியது எல்லாம் சரி என்று பதில் எழுதுகிறார். மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு திமிரா?

ஜனவரியில் லீவு கேட்டிருக்கிறேன். துணிமணியை எடுத்து வைத்துக்கொள். தபால் பார்த்ததும் ஒரு வரியாவது போடு.

கஜபதி

*

கள்ளிக்குப்பம்
23.10.1988

அன்புத் தம்பி கஜபதிக்கு,

அக்கா எழுதுவது. வலது கையால்தான் எழுதுகிறேன். பேனா பிடித்தால் தோல் இழுக்கிறது, பரவாயில்லை. நீ உட்கார்ந்து படி.

நான் அவரோடு பேசாமல் நாலு மாதம் ஓட்டினேன். என் வீம்பு அவரைச் சுட வேண்டும் என்று நினைத்தேன். சுடவில்லை. அவர் பாட்டுக்கு அரிசி களைந்தார், குழம்பு வைத்தார். நான் பேசாதது அவருக்குச் சௌகரியமாக இருந்த மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு, மத்தியானம். வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன், விரல் முழங்காலில் தாளம் போடுகிறது. நான் துடைப்பத்தோடு பக்கத்தில் போனேன். எப்போதும் அந்த ஓட்டை வழியாக மெல்லிசாகப் பாட்டு கசியும் இல்லையா, அது வரவில்லை. குனிந்து டேப்பைப் பார்த்தேன். கேசட் முடிந்து பட்டன் மேலே வந்திருக்கிறது. பாட்டே இல்லை. விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

உள்ளே போய் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து அவர் முதுகுக்குப் பின்னால் சிமென்ட் தரையில் போட்டேன். அங்கம்மா அந்தப் பக்கத்திலிருந்து "இன்னாது விழுந்துச்சி?" என்றாள். இவர் திரும்பவில்லை.

முன்னால் போய் நின்றேன். திடுக்கிட்டு, "பாட்டு கேட்டுகினு…" என்று ஆரம்பித்தார். நான் டேப்பைக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எத்தினி நாளா?" என்றேன். நாலு மாதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை. என் உதட்டையே பார்த்தார்.

"ஆறேழு வருஷமா கொறஞ்சிகினே வந்துச்சி. ரெண்டு வருஷமா ரொம்ப மோசம். பத்துல வெச்சா தவுலு மட்டும் வரும். இப்ப அதுவும் சரியா வர்றதில்ல."

"கேக்கலன்னா எதுக்கு இத மாட்டிகினு உக்கார்றது?"

"இது காதுல இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க பார்வதம். பாட்டு கேக்கறான்னு உட்டுடுவாங்க."

கம்பெனியில் ஹேமர் செக்‌ஷனில் பதினாலு வருஷம். டன் கணக்கில் எடையுள்ள சம்மட்டி நிமிஷத்துக்கு எத்தனை தடவை விழுகிறது! காதில் வைக்க ஒரு துண்டுப் பஞ்சு கொடுத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காது டெஸ்ட் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்களாம். மிஷின் கிடையாது, டாக்டர் கிடையாது. சூப்பர்வைசர் ஒருத்தன் காகிதத்தை நீட்டி, "கேக்குதா? கேக்குதுன்னா கையெழுத்து போடு" என்றானாம். கேட்கவில்லை என்று சொன்னவர் உலகநாதன் ஒருவர்தான். அவருக்கு மறுமாதமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"கம்பெனிக்குச் சொல்லல, சரி. எனக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"உங்கிட்ட சொன்னா நீ அங்க சண்டைக்குப் போயிடுவ" என்றார்.

மறுநாளே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காது டாக்டர் மிஷினில் வைத்துப் பார்த்தார். நரம்பு செத்துவிட்டதாம், இரண்டு காதும். கூர்மையான சத்தம்தான் முதலில் போகுமாம். தட்டு விழுவது, பெண் குரல், இதெல்லாம். திரும்ப வராது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும், ஹெட்போனைச் சத்தமாக வைத்தால் அதுவும் போகும் என்றார்.

நீ அனுப்பியது பொய் சொல்லவில்லை கஜா. நீ எழுதியதும் பொய் இல்லை. காது உள்ளவனுக்கு அது கேட்டிருக்கும்.

அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது அப்படியே இருக்கிறது. கம்பெனி மேல் வந்திருப்பதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஜனவரியில் நீ என்னைக் கூட்டிப்போக வரவேண்டாம். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

பார்வதம்

*

ரூவி
12.11.1988

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

கஜபதி எழுதுவது. நாலு நாளாகக் கடையில் எந்த ஹெட்போனையும் என்னால் தொட முடியவில்லை.

காதைப் பற்றித் தெரிந்தவன் போல எழுதினேனே, எனக்கு என்ன தெரியும்? சத்தம் பத்தில் வைக்கிறார் என்று நீ எழுதிய அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மனிதனால் தாங்க முடியாததை அவர் எப்படித் தாங்குகிறார் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. திமிர் என்று எழுதினேன். மனிதனே இல்லை என்று எழுதினேன். மாமா, அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். கிழித்தாலும் நீங்கள் படித்துவிட்டீர்கள். என்னை என்ன செய்தால் தகும்?

கேட்குதுன்னா கையெழுத்துப் போடு என்று சொன்ன அந்த ஆளை அந்தச் சம்மட்டிக்குப் பக்கத்தில் ஒரு வருஷம் நிற்கவைக்க வேண்டும். அக்கா, நீ சண்டைக்குப் போ. டாக்டர் சீட்டை நாலு காப்பி எடுத்துக்கொண்டு போ. தனியாகப் போகாதே.

கஜபதி

*

கள்ளிக்குப்பம்
22.1.1989

அன்புத் தம்பி கஜபதிக்கு,

அக்கா எழுதுவது. கை தேறிவிட்டது, தழும்பு மட்டும் நிற்கும். பொங்கல் முடிந்ததும் எழுதலாம் என்று வைத்திருந்தேன். உன் காதை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு. நாள் முழுக்க ஸ்பீக்கர் நடுவில் நிற்கிறாய். காட்டிவிட்டு டாக்டர் சொன்னதை எழுது.

டிசம்பர் முதல் வாரம் கம்பெனிக்குப் போனோம். நான், அவர், இருபது வருஷமாக ஹேமரில் நிற்கும் வேலுசாமி. பர்சனல் ஆபீசர் டாக்டர் சீட்டைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் ஃபாரின் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஃபுல் வால்யூம்ல பாட்டு கேக்கறாராமே? செக்‌ஷன் பூரா சொல்றாங்க. காது அதுலதான் போயிருக்கு. கம்பெனி என்னம்மா பண்ணும்?" என்றார்.

குழாயடியில் ஊர் கேட்க நான் கத்தியதுதான் நடந்து போய் அந்த மேஜையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

வேலுசாமி என் முகத்தைப் பார்த்தார். "இன்னா சொல்றாரு?" என்றார். அவர் காதருகே குனிந்து நான் கத்திச் சொன்னேன். அறுபதை நெருங்கும் மனிதர், அந்த ஆபீசருக்கு முன்னால் ஒரு நாளும் வாயைத் திறக்காதவர். நிதானமாகக் கேட்டார்:

"எங்க ஊட்ல ரேடியோப் பொட்டி கூட கெடயாது சார். எனக்கு எந்தப் பாட்டு கேட்டு காது போச்சி?"

ஆபீசர் பேச்சை மாற்றினார். வேலுசாமிக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. அதனால் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். "எந்தப் பாட்டு சார்? நீங்களே சொல்லுங்க, எந்தப் பாட்டு?" வெளியே பியூன்கள் கூடிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஹேமர் செக்‌ஷன் ஆட்கள் பதினோரு பேர் ஈ.எஸ்.ஐ.க்குப் போனார்கள். ஒன்பது பேருக்குக் காது பழுது. ஒன்பது சீட்டையும் சேர்த்து லேபர் இன்ஸ்பெக்டருக்கு நான்தான் மனு எழுதினேன், இந்தக் கையால். அவர் வந்து பார்த்தார். இப்போது எல்லோருக்கும் காது அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். உன் மாமாவை ஹேமரிலிருந்து எடுத்து டூல் ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. நஷ்டஈடு கேஸ் நடக்கிறது. வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். இழுக்கட்டும். உலகநாதனையும் தேடிப்பிடித்துவிட்டேன், திருநின்றவூரில் இருக்கிறார்.

உன் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. "இத்தினி வருஷத்துல என்ன யார் யாரோ திட்டியிருப்பாங்க. மச்சான் எழுதனது ஒண்ணுதான் எனக்கு முழுசா கேட்டுது" என்றார். ஹெட்போனை ஞாயிற்றுக்கிழமைகளில் அரைமணி நேரம் நாலில் வைத்து மாட்டிக்கொள்கிறார். தவில் கொஞ்சம் வருகிறது என்கிறார். நாதஸ்வரம் வரவில்லை.

ஊரோடு போட வேண்டிய சண்டையைப் போட்டாயிற்று, வீட்டில்தான் பாக்கி இருந்தது. முந்தாநாள் அவரை எதிரே உட்காரவைத்து, முகத்துக்கு நேரே நின்று, ஜூன் மாதத்திலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நீ என்று பேசினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அங்கம்மா கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பாள். கேட்கட்டும். அவர் எழுந்து போகவில்லை, "ஆங்" என்று சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கடசியா சொன்னது புரியல. இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். "நான் எரியறப்போ நீ பாட்டு கேட்டுகினு இருந்தன்னு நாலு மாசம் என்ன நெனைக்க உட்டியே."

இந்தத் தடவை அவருக்குக் கேட்டது.

உன் அக்கா,
பார்வதம்